யோசெமிட்டி அருவியில் எப்போது தண்ணீர் இருக்கும்?

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு ஆகஸ்டு கடைசியில் போனால், 739 மீட்டர் உயர யோசெமிட்டி அருவி இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் வெறும் பாறைதான் இருக்கும். அங்கே கோடையில் மழை குறைவு. அருவிக்குத் தண்ணீர் தருவது மேலே குளிர்காலத்தில் குவியும் பனி. அது உருகி வரும் பகுதியில் பெருமளவு மொட்டைக் கிரானைட் பாறை. நீரைப் பிடித்து வைக்க மண் போதாது. உருகியது உடனே ஓடிவிடும், பனி தீர்ந்தால் அருவியும் தீர்ந்தது. எதிர்ப்பக்கத்து பிரைடல்வெயில் அருவி (188 மீட்டர்) ஆண்டு முழுதும் மெலிதாகவேனும் விழும். அதன் ஓடை காட்டையும் ஈரப் புல்வெளிகளையும் கடந்து வருகிறது.

இவ்வளவு உயரம் வந்ததற்குப் பனியாறுகளே காரணம். பிரதான பள்ளத்தாக்கைப் பெரிய பனியாறு ஆழமாகக் குடைந்தது. பக்கத்து ஓடைகளால் அந்த ஆழத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அவை பள்ளத்தாக்கில் சேரும் வாய், பாறைச் சுவரின் உச்சியிலேயே நின்றுவிட்டது.

வெள்ளம் உச்சம் தொடுவது மே, ஜூன் மாதங்களில். நாளுக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. பிற்பகல் வெயிலில் உருகிய நீர் பள்ளத்தாக்குக்கு வந்து சேர நேரமாவதால், மெர்செட் ஆறு அங்கே நள்ளிரவை ஒட்டித்தான் அதிகம் பெருகும். மலைமேல் பனிக்கு அருகிலுள்ள ஓடைகளோ மாலையிலேயே பொங்கிவிடும். காலையில் முழங்காலளவு இருந்த ஓடை, திரும்பும்போது இடுப்பளவு ஆகலாம். கடக்க வேண்டிய ஓடை இருந்தால் விடியற்காலையே சரியான நேரம்.

மார்ச், ஏப்ரல் அதிகாலைகளில் இன்னொரு விசித்திரம். அருவிச் சாரல் உறைந்து பனித்துகளாகி, கீழே ஓடையில் கூழாக நகரும். ஓடை நிரம்பினால் கூழ் கரையை விட்டு வெளியே வழியும். கெட்டித் தரை போலத் தெரிந்தாலும் அதன்மேல் கால் வைக்கக் கூடாது.

பூங்காவின் இன்னொரு அருவியான வெர்னல் அருவிக்கு ஏறும் மிஸ்ட் டிரெயில் என்ற நடைபாதையில் 600க்கு மேல் கற்படிகள். மே மாதத்தில் மழைக்கோட்டு போட்டாலும் நனைவீர்கள். பிடிமானமுள்ள காலணிதான் முக்கியம். உண்மையான ஆபத்து உச்சியில், அமைதியாகத் தெரியும் நீரில் இருக்கிறது. அடியில் நீர் தேய்த்து வழவழப்பாக்கிய கிரானைட். நீரோ பனி உருகியது, சில நிமிடங்களிலேயே கைகால் மரத்துவிடும். வேலியைத் தாண்டிக் கால் நனைக்கவே வேண்டாம்.

சுமார் 2,600 மீட்டர் உயரத்திலுள்ள துவாலமி புல்வெளிக்குப் போகும் டயோகா சாலை, பனி அதிகமான ஆண்டுகளில் ஜூலை வரைகூடத் திறக்காது. அங்கே மூச்சு வாங்கும். முதல் நாள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோடைப் பிற்பகல்களில் இடிமேகம் திரளும் என்பதால், மொட்டைப் பாறைக் குன்றுகளில் ஏறுகிறவர்கள் நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும்.