துண்டின் மூலையும் மிதிவண்டியின் சட்டகமும்

கார்பன் மிதிவண்டியின் சட்டகத்தில் இருப்பது இழையும் பிசினும்தானே, பிளாஸ்டிக் நாற்காலியைப் போல அச்சில் வார்த்து மலிவாக விற்றால் என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஸ்வீடனில் அதைச் செய்தே பார்த்தார்கள். கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கை உருக்கி, அச்சுக்குள் பாய்ச்சி வார்த்த ‘இட்டேரா’ மிதிவண்டி 1982இல் தயாரிப்புக்கு வந்தது. ஏறத்தாழ 30,000 வண்டிகளோடு சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. மிதிக்கும்போது வண்டி நெளிகிறது என்பது ஓட்டியவர்களின் குறை. துணுக்கு இழைகள் உருகிய பிளாஸ்டிக் ஓடிய போக்கில் படியுமே தவிர, வடிவமைப்பாளர் விரும்பும் திசையில் நிற்பதில்லை.

எஃகுக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். கார்பன் இழைகளை ஒரே திசையில் அடுக்கி எபாக்சிப் பிசினில் பதித்த தகடோ, எஃகின் எடையில் ஐந்தில் ஒரு பங்கே இருந்தும், நீளவாக்கில் எஃகின் விறைப்பில் பாதிக்கு மேல் தருகிறது. குறுக்குவாக்கில் அந்த விறைப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

அப்படியானால் குழாயின் நீளத்துக்கே எல்லா இழைகளையும் வைத்துவிடலாமே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. பெடல், சட்டகத்தின் நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் இருப்பதால், ஒவ்வொரு மிதியும் குழாயை வளைப்பதோடு முறுக்கவும் செய்கிறது. ஒரு சுண்ணக்கட்டியை இரு முனைகளிலும் பிடித்து, வளைக்காமல் முறுக்கிப் பாருங்கள். அது நேர்க்குறுக்காக உடையாமல், 45 பாகைச் சரிவில் திருகுபோல உடையும். குழாயின் மேல் ஒரு சிறு சதுரம் வரைந்து முறுக்கினால் அது சாய்சதுரமாகும். ஒரு மூலைவிட்டம் நீளும், மற்றொன்று குறுகும். முறுக்கு என்பது உண்மையில் சரிவான ஓர் இழுப்பும் சரிவான ஓர் அழுத்தமுமே. தோளில் போடும் துண்டை நூல்வாக்கில் இழுத்தால் அது அசைந்து கொடுக்காது, மூலைக்கு மூலை இழுத்தால் தாராளமாக நீளும். நீளவாக்கு இழைகள் மட்டும் உள்ள குழாய் முறுக்கின்போது அந்த மூலை இழுப்பில் சிக்கிய துண்டுதான். ஆகவே இருபுறமும் 45 பாகை சாய்த்த இழைகளும் வேண்டும்.

இந்தச் சாய்வுக்குத்தான் விலை. பிசின் ஊறிய கார்பன் இழைத் தாளை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் அதனதன் கோணத்தில் கையால் அடுக்கி, உள்ளே காற்றுப்பையை ஊதி, அச்சில் சூடேற்றுகிறார்கள். செலவில் கணிசமான பங்கு இந்தக் கைவேலைக்கே.

கையின் வேலையை எந்திரம் செய்ய வழியுண்டு. பின்னல் கோலாட்டத்தில் எதிரெதிராகச் சுற்றி வருபவர்களின் கயிறுகள் தாமே பின்னிக்கொள்வதுபோல, சுழலும் நூல்கண்டுகள் குழாய்வடிவ உறையைப் பின்னிவிடும். கண்டுகளின் வேகத்தையும் உறையை இழுக்கும் வேகத்தையும் மாற்றினால் கோணம் மாறும். பிரான்சின் ‘டைம்’ நிறுவனம் இவ்வாறு பின்னிய உறைக்குள் பிசினைச் செலுத்திச் சட்டகங்கள் செய்தது. பந்தய மிதிவண்டி 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்ற விதி 2000 முதல் இருந்தும், எடையில் இன்னும் சில கிராம் குறைக்கவும் ஆராய்ச்சிப் பணம் ஓடுகிறது. அதில் ஒரு பகுதியேனும் விலை குறைந்த கண்ணாடி இழையில் உறை பின்னப் போயிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆப்பிரிக்க நாடான கானாவின் மிதிவண்டிப் பட்டறைகள் எந்திரத்துக்கும் காத்திருக்கவில்லை. இயற்கையே நீளவாக்கில் இழை கோத்துக் கொடுத்த மூங்கிலைக் குழாயாக வைத்து, முறுக்கு குவியும் மூட்டுகளில் மட்டும் பிசின் தோய்ந்த நாரைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துச் சுற்றுகிறார்கள்.