ரீசெட் பொத்தானைத் தொடுவதற்கு முன்

இணையம் வரவில்லை என்றதும் பலர் ரௌட்டரின் பின்புறத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். வீட்டு இணைப்புகளைப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன், அதைச் செய்யாதீர்கள். சுவிட்சை அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. ரீசெட் செய்தால், இணைப்பு கொடுத்தவர்கள் ரௌட்டரில் பதிந்துவைத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துவிடும். அரை மணி நேரத்தில் தானாகச் சரியாகியிருக்கக்கூடிய கோளாறுக்கு, ஆள் வரும்வரை காத்துக் கிடக்க நேரும்.

முதலில் ரௌட்டர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி அந்தப் பெட்டிக்கே வந்து சேரவில்லை. அப்போது கணினியில் எதைத் தட்டியும் பயனில்லை. தெருவில் கேபிள் அறுந்திருக்கலாம். ஆனால் மேசையை நகர்த்தும்போது மெல்லிய மஞ்சள் ஒயர் சுவரோடு நசுங்கி மடிந்திருப்பதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். உள்ளே இருப்பது முடியளவு கண்ணாடி இழை. கூர்மையாக வளைந்தால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும். மடிப்பை மெல்ல நிமிர்த்திவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். ஒயரைக் கழற்றி முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள்.

அடுத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுக் கைபேசியில் வைஃபை வேலை செய்கிறதா என்று பாருங்கள். அங்கே வந்து, கணினியில் மட்டும் வரவில்லையென்றால் கோளாறு கணினிப் பக்கம்தான். விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் 'ஐபிவி4' முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரௌட்டர் பதில் தராததால் கணினி தனக்குத் தானே வைத்துக்கொண்ட முகவரி அது. கணினியை ரௌட்டரோடு இணைக்கும் லேன் கேபிளின் முனையிலுள்ள பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால், செருகியதுபோலத் தெரிந்தாலும் விலகித்தான் நிற்கும். வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

முகவரி சரியாக இருந்தும் எல்லாத் தளங்களும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால், கணினியின் தேதியைக் கவனியுங்கள். பழைய கணினிகளில் காசு வடிவ பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கும். தேதி தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றுகளைக் கணினி ஏற்காது.

புகார் செய்ய வேண்டுமானால் பில்லில் அச்சிட்ட எண்ணை மட்டும் அழையுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்களில் போலிகளும் உண்டு. கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னாலோ ஓடிபி கேட்டாலோ உடனே துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள்.