நாலு ஆன்டெனாவுக்கு எந்த லைப்ரரி?

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது ஒரு ரேடியோ தொலைநோக்கி. 1970-இல் இயங்கத் தொடங்கியது. அதன் குவியக் கோட்டில் 1056 இருமுனை ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் வரும் சிக்னலின் கட்டத்தை (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை) கொஞ்சம் தள்ளி எல்லாவற்றையும் கூட்டினால், தொலைநோக்கி பார்க்கும் திசை வடக்கிலோ தெற்கிலோ நகரும். அதற்காக இரும்புச் சட்டத்தை அசைக்க வேண்டியதில்லை. கட்டத்தைத் தள்ளுவது என்பது ஒரு எண்ணால் பெருக்குவதுதான். இப்படி ஒவ்வொன்றையும் ஒரு எண்ணால் பெருக்கிக் கூட்டுவதற்குக் கணக்கு வகுப்பில் புள்ளிப் பெருக்கல் என்று பெயர். முத்தோரையில் அதைக் கேபிளும் கட்டமாற்றிகளுமே செய்துவிட்டன.

சிக்னலை எண்களாக்கிக் கணினியிலேயே கையாளும் மென்பொருள் ரேடியோவில் இதே வேலை சில வரி சி பிளஸ் பிளஸ் நிரலாகிவிடுகிறது. அதற்கான இலவச மென்பொருளான குனு ரேடியோவில் எல்லாமே பிளாக்குகள்தான்: முந்தைய பிளாக் தந்த எண்களை வாங்கி, கணக்குப் போட்டு, அடுத்ததற்குத் தள்ளிவிட வேண்டும். நமக்கு வேண்டிய பிளாக் இல்லையென்றால் நாமே எழுதிக்கொள்ளலாம். எழுத உட்கார்ந்தவுடன் எழும் கேள்வி, அணிக் (மேட்ரிக்ஸ்) கணக்குக்கு எந்த லைப்ரரி என்பது. வேக ஒப்பீட்டுப் பட்டியல்களைத் தேடி ஓடுவதில் பயனில்லை. நம் அணி எவ்வளவு பெரியது என்று முதலில் பார்த்தால் பாதி முடிவு வந்துவிடும்.

பழனி மலையில் ஒரு சோதனை வைத்துப் பார்ப்போம். கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. அலைநீளம் 3 மீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. அரை அலைநீள இடைவெளியில் நாலு ஆன்டெனா நட்டால் மொத்தம் நாலரை மீட்டர், பூம்பாறையில் ஒரு மொட்டை மாடியே போதும். சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்லும் பிளாக் நமக்கு வேண்டும். நாலு ரிசீவரும் ஒரே கடிகாரத்தில் ஓடியாக வேண்டும். இல்லாவிட்டால் கீழே சொல்லும் கணக்கெல்லாம் வீண்.

ஒரு ஆன்டெனாவுக்கு நொடிக்கு 2,40,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 8 பைட் கலப்பெண். 1024 சாம்பிள்களை ஒரு கட்டாக எடுத்தால், அடுத்த கட்டு வருவதற்குள் நமக்கு 4.27 மில்லிநொடி இருக்கிறது.

முதல் வேலை, எந்த ஆன்டெனாவின் சிக்னல் எந்த ஆன்டெனாவின் சிக்னலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் 4×4 அணியை உண்டாக்குவது. 16 உறுப்புகளில் 10-ஐக் கணக்கிட்டால் போதும், மிச்சம் ஆறும் அவற்றின் இணையெண்கள்தான். ஒவ்வொரு உறுப்பும் 1024 நீளமுள்ள ஒரு புள்ளிப் பெருக்கல். இதற்கு வோல்க் இருக்கிறது. குனு ரேடியோவோடு கூடவே வரும் லைப்ரரி இது; ப்ராசஸர் ஒரே அடியில் எத்தனை எண்களைப் பெருக்க முடியுமோ அத்தனையையும் பெருக்க வைக்கும். ஒவ்வொரு வேலைக்கும் பல வடிவங்களை வைத்திருக்கிறது. எது நம் கணினியில் வேகமாக ஓடுகிறது என்று சோதித்துக் குறித்துக்கொள்ளும் கருவியும் உண்டு. இங்கே இன்னொரு வசதி: குனு ரேடியோ நாலு ஆன்டெனாவையும் நாலு தனித்தனி பஃபரில் தருகிறது. அவற்றை ஒரே அணியாகப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் நகலெடுத்து அடுக்க வேண்டும். வோல்க்குக்கு இரண்டு பாயின்டரைக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது வேலை அந்த 4×4 அணியின் ஐகன் மதிப்புகளைக் காண்பது; எத்தனை தனித்தனிச் சிக்னல்கள், எவ்வளவு வலுவாக வருகின்றன என்று காட்டும் எண்கள் அவை. ஆர்மடில்லோ என்ற லைப்ரரியில் எழுதினால் மேட்லேப் போலவே படிக்க எளிது, ஆனால் உள்ளே அது லேபேக் என்ற பழைய கணக்கு லைப்ரரியைக் கூப்பிடுகிறது. லேபேக் பெரிய அணிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. நாலுக்கு நாலு அணியை அதனிடம் அனுப்பினால், போய்வரும் செலவும் உள்ளீட்டைச் சரிபார்க்கும் செலவும் கணக்கின் செலவையே மிஞ்சிவிடலாம். ஐகன் என்றே பெயர் கொண்ட இன்னொரு லைப்ரரியில் அளவு 4×4 என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கம்பைலருக்கு அளவு தெரிந்துவிடுவதால் ஓடும்போது மெமரி கேட்டு நிற்பதில்லை. பொதுவான தீர்வியை எடுக்காமல், நம்முடையதைப் போல எதிரெதிர் உறுப்புகள் இணையெண்களாக அமைந்த தன்-இணை அணிக்கென்றே உள்ளதை எடுக்க வேண்டும். அதுதான் மதிப்புகளை மெய்யெண்களாக, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தித் தரும். ஒரே நிலையம் என்றால் முதல் மூன்றும் இரைச்சல், கடைசியில் நிற்பது சிக்னல்; அதற்குரிய ஐகன் திசையனிலிருந்து சிக்னல் வரும் திசை தெரியும்.

மலையில் இது இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. நேராக வரும் அலையோடு எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பியதும் சேர்ந்து வரும். 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் தாமதம் 1 மைக்ரோநொடி. பண்பலைச் சிக்னல் மாறும் வேகத்துக்கு அது அற்பம். எனவே இரண்டும் ஒன்றின் நகலாகவே தெரியும்; பெரிய ஐகன் மதிப்பு ஒன்றுதான் வரும், அது காட்டும் திசை இரண்டில் எதுவுமாக இல்லாமல் போகலாம். இதற்கு ஒரு அழகான தந்திரம் உண்டு. அணியின் மேல் இடது மூலையிலிருந்து ஒரு 3×3, கீழ் வலது மூலையிலிருந்து ஒரு 3×3 வெட்டியெடுத்து இரண்டின் சராசரியைப் பார்க்க வேண்டும். முதல் மூன்று ஆன்டெனா ஒரு குழு, கடைசி மூன்று இன்னொரு குழு என்று ஆகிறது. இரு அலைகளும் இரு குழுக்களுக்கும் வெவ்வேறு கட்டவேறுபாட்டோடு போய்ச் சேர்வதால் பிரிந்து, இரண்டு பெரிய மதிப்புகள் எழும். ஐகனில் இது ஒரே வரி.

முத்தோரையின் 1056 ஆன்டெனாவையும் தனித்தனிச் சேனலாக வைத்து இதே கணக்கைப் போடுவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் கதையே வேறு. அணியில் 11 லட்சத்துக்கு மேல் உறுப்புகள், கிட்டத்தட்ட 9 மெகாபைட். அங்கே பெரிய அணிகளைப் பெருக்கவென்றே உள்ள ஓப்பன்பிளாஸ் லைப்ரரிதான் சரி. அணியை கேஷ் நினைவகத்துக்குள் அடங்கும் துண்டுகளாக வெட்டிப் பெருக்குவதில் அதனோடு கையெழுத்து நிரல் போட்டியிட முடியாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: குனு ரேடியோ ஒவ்வொரு பிளாக்குக்கும் தனி த்ரெட் தருகிறது, ஓப்பன்பிளாஸும் தன் பங்குக்கு த்ரெட்களைத் திறந்தால் இரண்டும் கோர்களுக்காக முட்டிக்கொள்ளும். த்ரெட் எண்ணிக்கையை 1 என்று வைத்து ஓட்டிப் பார்த்து, பிறகு ஏற்றலாம்.

நாலு ஆன்டெனா பிளாக்குக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வோல்க் ஏற்கெனவே இருக்கிறது, ஐகன் வெறும் ஹெடர் கோப்புகள். யார் கணினியிலும் கம்பைல் ஆகிவிடும்.