நரியைக் கொன்றால் நரி குறையுமா?

2001 பிப்ரவரியில் பிரிட்டனின் பண்ணைகளில் கோமாரி நோய் பரவத் தொடங்கியது. அதை அடக்குவதற்காக அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகள் கொல்லப்பட்டன. கிராமப்புற நடைபாதைகள் மூடப்பட்டன. குதிரைகளும் நாய்களும் பண்ணைக்குப் பண்ணை பாய்ந்து செல்லும் நரி வேட்டையும் அதோடு நின்றுபோனது. வேட்டைக்கொம்பு மீண்டும் ஒலித்தது டிசம்பரில்தான். வேட்டையைத் தடை செய்யலாமா கூடாதா என்று நாடாளுமன்றம் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வேட்டை நின்றால் நரிகள் பெருகி ஆட்டுக்குட்டிகளையும் கோழிகளையும் சூறையாடும் என்பது வேட்டைத் தரப்பின் முதன்மையான வாதங்களுள் ஒன்று. யாரும் திட்டமிடாமலே அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு அமைந்துவிட்டது.

பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத் தவறவிடவில்லை. இரவில் திரிந்து, ஆளரவம் கேட்டதும் மறைந்துவிடும் நரியை நேரில் எண்ணுவது ஏறத்தாழ இயலாத காரியம் என்பதால், அவர்கள் எண்ணியது நரியின் விட்டையை. ஒரு கிலோமீட்டர் பக்க அளவுள்ள 160 சதுரங்களில் வேலியோரமாகவும் பாதையோரமாகவும் நடந்து, கிடக்கும் விட்டைகளை அப்புறப்படுத்திவிட்டு, சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்து புதிதாகச் சேர்ந்தவற்றைக் கணக்கெடுத்தார்கள். தடைக்கு முந்தைய கணக்கோடு ஒப்பிட்டபோது நரிகள் கூடியதற்கான அடையாளம் தென்படவில்லை. 2002இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இந்த முடிவை வேறு சில அறிவியலாளர்கள் கேள்விக்கு உட்படுத்தினர்: ஓராண்டுக்கும் குறைவான தடையை வைத்து முடிவுக்கு வர முடியாது என்றும், அந்த மாதங்களில் துப்பாக்கியால் சுடுவது கூடியிருக்கலாம் என்றும் வாதிட்டனர். நியாயமான ஐயங்கள்தாம். ஆனால் நரியின் குடும்ப வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்த முடிவு பெரிய வியப்பை அளித்திருக்காது.

மேலே செல்லுமுன் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழில் நரி என்றதும் நம் ஊர்ப்புறங்களில் கூட்டமாக ஊளையிடும் விலங்கே நினைவுக்கு வரும். அது ஓநாய்க்கும் நாய்க்கும் நெருங்கிய உறவினம். இங்கிலாந்தில் துரத்தப்பட்டது செந்நரி என்னும் வேறு இனம். ஊட்டியில் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தொடங்கிய வேட்டைக் கழகத்தினர், செந்நரி இல்லாத குறைக்கு, வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் நம் நரியைத்தான் நாய்களை விட்டுத் துரத்தினார்கள்.

செந்நரி நிலத்தை ஆள்கிற விலங்கு. ஓர் ஆண், ஒரு பெண், சில சமயங்களில் முந்தைய ஈற்றில் பிறந்து வீட்டை விட்டுப் போகாத ஒன்றிரண்டு மகள்கள் என ஒரு சிறு குடும்பம், தனக்கென ஓர் எல்லையை வைத்துக்கொண்டு மூத்திரத்தாலும் விட்டையாலும் அதற்கு வரம்பு குறிக்கிறது. எல்லையின் பரப்பைத் தீர்மானிப்பது இரை. தீனி மலிந்த நகரத்தில் அரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடமே போதும். ஸ்காட்லாந்தின் இரை அரிதான மலைச்சரிவுகளில் அது நாற்பது சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது. இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் வளர்ந்த குட்டிகள், குறிப்பாக ஆண்கள், பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பி, காலி மனை தேடி அலைகின்றன. ஓர் எல்லையின் உரிமையாளரைச் சுட்டுக் கொன்றால் அங்கே புதுக் குறி விழுவது நின்றுவிடுகிறது. நாடோடி நரிகளுக்கு அது ‘வாடகைக்கு விடப்படும்’ என்ற பலகை மாட்டியதைப் போன்றது. பல நேரங்களில் சில நாட்களுக்குள்ளேயே புதிய குடித்தனம் வந்துவிடும்.

இனப்பெருக்கமும் இதற்கு ஒத்துழைக்கிறது. பெண்நரி ஆண்டுக்கு ஒரு முறை, குளிர்காலத்தின் நடுவில் ஏறத்தாழ மூன்று நாட்கள் மட்டுமே கருவுறும் நிலையில் இருக்கும். சுமார் 52 நாட்கள் கழித்து நான்கைந்து குட்டிகளை ஈனும். குடும்பத்தில் அடங்கி நடக்கும் இளைய பெண்நரிகள் பெரும்பாலும் ஈனுவதில்லை. தலைமைப் பெண் இறந்தால் அந்தத் தடை தளர்ந்து, இளையவள் தாயாகிறாள். 1990களின் மதிப்பீட்டின்படி பிரிட்டனில் ஈற்றுக் காலத்துக்கு முன் இருந்த வளர்ந்த நரிகள் சுமார் 2,40,000. ஒவ்வொரு வசந்தத்திலும் பிறந்த குட்டிகள் சுமார் 4,25,000. தொகை ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டுமானால் ஆண்டுதோறும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நரிகள் எப்படியாவது செத்தாக வேண்டும். பதிவு பெற்ற வேட்டைக் குழுக்கள் கொன்றவை ஆண்டுக்கு 21,000 முதல் 25,000 வரை. மீதியை வாகனங்களும் துப்பாக்கிகளும் கண்ணிகளும் நோயும் பசியும் பார்த்துக்கொண்டன.

அப்படியானால் நரிகளை எதுவுமே குறைக்காதா? குறைக்கும். 1994இல் பிரிஸ்டல் நகர நரிகளிடையே சிரங்கு நோய் புகுந்தது. மனிதருக்குச் சிரங்கு தரும் அதே வகை நுண்பூச்சிதான் தோலைத் துளைத்து, மயிரை உதிர்த்து, இறுதியில் நரியைக் கொல்கிறது. இரண்டே ஆண்டுகளில் நகரத்தின் நரிகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் மாண்டன. மீள்வதற்கு நெடுங்காலம் பிடித்தது. நோய் அக்கம்பக்கம் முழுவதையும் வாரிக்கொண்டு போனதால் காலியிடத்தை நிரப்ப அண்டைவீட்டாரே இல்லாமல் போனதுதான் இதற்குக் காரணம். துப்பாக்கி அந்த அளவுக்கு விடாப்பிடியாகவும் பரவலாகவும் இயங்கினால் அதுவும் குறைக்கும்: பொழுதுபோக்காகச் சுடுவதற்கென்றே பறவைகளை வளர்க்கும் கிழக்கு ஆங்கிலியாவின் எஸ்டேட்டுகளில், சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட காவலர்கள் ஆண்டு முழுவதும் நரிகளைச் சுடுவதால் அங்கே எண்ணிக்கை உண்மையிலேயே தாழ்ந்து கிடந்தது என்று ஆய்வுகள் காட்டின. வாரத்துக்குச் சில நாட்கள் குதிரையேறிப் போகும் கூட்டத்தால் அதைச் செய்ய இயலாது.

இதே பாடத்தை ஐரோப்பா ரேபிஸ் வழியாகக் கற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நரிகளிடையே பரவிய ரேபிஸ், கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஆண்டுக்கு இருபது முதல் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. வளைகளில் நச்சுப்புகை விட்டார்கள், சுட்டார்கள், பரிசு அறிவித்தார்கள், நோய் நிற்கவில்லை. 1978இல் சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில், தடுப்பு மருந்து வைத்த கோழித் தலைகளைக் காட்டுப்புறங்களில் போட்டார்கள். நரிகள் தின்றன, எதிர்ப்பாற்றல் பெற்ற நரிகள் தத்தம் எல்லைகளில் உயிரோடிருந்து, நோயோடு அலையும் வெளியாரை உள்ளே விடாமல் நோய்க்கு அரணாகின. இந்த முறையை விரித்துச் சென்றே மேற்கு ஐரோப்பா நரிகளின் ரேபிஸை ஒழித்தது. பிரான்சின் நான்சி நகரைச் சுற்றி, ஈரலைத் தாக்கும் ஒரு நாடாப்புழுவைக் கட்டுப்படுத்த நான்கு ஆண்டுகளாக இரவு இரவாக நரிகளைச் சுட்டபோது விளைவு தலைகீழானது: 776 நரிகள் கொல்லப்பட்ட பின் எண்ணிக்கை குறையவில்லை, புழு தாக்கிய நரிகளின் பங்கு மட்டும் 40 விழுக்காட்டிலிருந்து 55 ஆக உயர்ந்தது. காலியிடங்களுக்கு ஓடி வந்த இளம் நரிகள் புழுவையும் சுமந்து வந்தன என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

வேட்டையின் வரலாற்றைப் பார்த்தால், நரியை ஒழிப்பது அதன் நோக்கமாகவே இருந்ததா என்ற ஐயம் எழுகிறது. 1566ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நரித் தலைக்குப் பன்னிரண்டு பென்ஸ் பரிசு கொடுத்தது. அப்போது அது வெறும் தொல்லை விலங்கு. 1753இல் லெஸ்டர்ஷயரின் குவார்ன் வேட்டைக் குழுவுக்குத் தலைமை ஏற்ற ஹியூகோ மெய்னல், நீண்ட தூரம் விரைந்தோடும் நாய்களை இனங்கலந்து உருவாக்கிய பின் அதுவே உயர்குடிப் பொழுதுபோக்காயிற்று. நரிகள் தங்குவதற்கென்றே முட்புதர்கள் நடப்பட்டன, செயற்கை வளைகள் கட்டப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் பற்றாக்குறை ஏற்பட்டபோது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நரிகள் லண்டனின் லெடன்ஹால் சந்தையில் விலைக்குக் கிடைத்தன. வேட்டைக்காகவே ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோனார்கள்; அங்கே, வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் சிறிய பைம்மாக்களுக்கு நேர்ந்த கதி தனிக் கட்டுரைக்கு உரியது. வேட்டைக்கு முந்தைய இரவில், நரி இரை தேடி வெளியே போயிருக்கும் வேளையில், ஒருவர் லாந்தரோடு சென்று வளைவாய்களை மண்ணால் அடைத்துவிடுவார். விடியலில் திரும்பும் நரிக்குப் புகலிடம் இருக்காது. வெட்டவெளியில் ஓடித்தான் தீர வேண்டும். ஒழிப்பதற்காக மட்டும் செய்யும் வேலைக்கு இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை.

ஆகவே உண்மையான சர்ச்சை கொடுமையைப் பற்றியது. 2000இல் பர்ன்ஸ் பிரபு தலைமையிலான விசாரணைக் குழு, துரத்தப்பட்டு நாய்களால் கொல்லப்படுவது நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று முடிவு செய்தது. நாய்கள் எட்டிப் பிடித்த பின் சாவு பெரும்பாலும் சில நொடிகளில் நேர்ந்துவிடுகிறது என்பதையும், சுடுவதிலும் காயம்பட்டுத் தப்பும் நரிகள் உண்டு என்பதையும் அதே குழு ஒப்புக்கொண்டது; இரவில் விளக்கு வைத்துத் தேர்ந்தவர் துல்லியமாகச் சுடுவது வேட்டையைவிடத் துன்பம் குறைந்தது என்றது. 2002 செப்டம்பரில் கிராமப்புற வாழ்வைக் காப்போம் என்று லண்டனில் ஊர்வலம் வந்தவர்கள், அமைப்பாளர்களின் கணக்கின்படி, நான்கு லட்சத்துக்கும் மேல். நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் எதிர்ப்பைத் தாண்டி 2004இல் நிறைவேறிய வேட்டைத் தடைச் சட்டம், 2005 பிப்ரவரி 18 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் குழுக்கள் முன்கூட்டியே இட்ட வாசனைத் தடத்தைப் பின்பற்றுவதாகச் சொல்லும் ‘தட வேட்டை’க்கு மாறின; அது பழைய வேட்டைக்குப் போட்ட முகமூடி என்பது எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு. நாயை விட்டுத் துரத்துவதுதான் குற்றம். நரியைச் சுடுவது இன்றும் சட்டப்படி செல்லும்.

விவசாயியின் குறையைக் கற்பனை என்று தள்ளிவிடக் கூடாது. பிழைத்திருக்கக்கூடிய ஆட்டுக்குட்டிகளில் நரி தூக்குவது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு என்பது பொதுச் சராசரி. ஒரு குறிப்பிட்ட பண்ணையில் ஒரு குறிப்பிட்ட நரி அதைவிட அதிகம் தூக்கலாம். தரையில் கூடு வைக்கும் பறவைகளின் நிலை இன்னும் சிக்கலானது. நார்தம்பர்லாந்தின் ஆட்டர்பர்ன் பகுதியில் நடந்த நீண்ட பரிசோதனையில், நரி, காகம் முதலியவற்றைக் கட்டுப்படுத்திய இடங்களில் ஆட்காட்டி, கர்லூ போன்ற பறவைகள் குஞ்சுகளைக் காப்பாற்றும் விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கானது. அருகிவரும் ஒரு பறவைக்காக, குறித்த பருவத்தில், குறித்த இடத்தில் நரியைக் கொல்வதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் அதற்குக் குதிரையும் வேட்டைக்காரரின் சிவப்புக் கோட்டும் தேவையில்லை.

கோழிக்கூண்டு வேறு கதை. கதவைத் திறந்தால் பதினைந்து கோழிகள் செத்துக் கிடக்கும், தூக்கிப் போனது ஒன்றாக இருக்கும். அதைப் பார்த்தவர் நரிக்குக் கொலைவெறி என்றுதான் சொல்வார். ஹான்ஸ் க்ரூக் என்னும் விலங்கியலாளர் கம்பர்லாந்தின் ரேவன்கிளாஸ் மணல்மேட்டில் இதே காட்சியைக் கடற்காகங்களிடம் கண்டார்: பறக்க மறுக்கும் காரிருள் இரவுகளில் அவை கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டிருந்தன. இயற்கையில் ஒரு பறவையைப் பிடித்ததும் மற்றவை பறந்துவிடும் என்பதால், பிடிக்கும் தூண்டுதலுக்குத் தனியாக ஒரு தடை நரிக்குத் தேவைப்படவில்லை. கூண்டுக்குள் இரை படபடத்துக்கொண்டே இருப்பதால் தூண்டுதலும் ஓயாமல் தொடர்கிறது. யாரும் குறுக்கிடாவிட்டால் அது ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய் மண்ணில் புதைத்து வைக்கும். நாம் காலையில் காண்பது பாதியில் நின்ற வேலை.

இதற்குத் தீர்வு தச்சரிடம் இருக்கிறது. அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலையை நரி பல்லால் கிழித்துவிடும். கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த தடித்த வலை, அதாவது வெல்ட் மெஷ், வேண்டும். அதைத் தரைக்குள் ஓரடி இறக்க வேண்டும், அல்லது வெளிப்பக்கமாகப் பாவாடைபோல் தரையில் விரித்து மண் மூட வேண்டும். ஏனெனில் நரி வேலியின் அடியொட்டித்தான் தோண்டும், இரண்டடி பின்னால் தள்ளிப் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. கதவு அந்திக்குள் மூடியாக வேண்டும்.

இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் தோட்டத்தோடு கூடிய இரட்டை வீடுகள் லண்டன் புறநகரெங்கும் எழுந்தபோதே நரிகள் நகருக்குள் குடியேறத் தொடங்கிவிட்டன. ஜனவரி இரவில் யாரையோ கொலை செய்வதுபோல் கேட்கும் அலறல், பெரும்பாலும் துணை தேடும் நரியினுடையது. தோட்டக் கொட்டகைக்கு அடியில் வளை வைத்த நரியைப் பிடித்து வேறிடத்தில் விடச் சொல்பவர்கள் உண்டு. விடப்பட்ட நரி அந்நியர் எல்லையில் அடிபடும், பழைய வளைக்கு வேறொன்று வரும். மார்ச் மாதம் பிறந்த குட்டிகள் கோடை தொடங்கும்போது வளையை விட்டுத் தாமே வெளியே தங்கத் தொடங்கும். அப்போது உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கொட்டகையின் அடிப்பாகத்தை அதே வெல்ட் மெஷ்ஷால் அடைத்துவிடலாம்.