அந்தச் சின்ன மெனு எங்கே கொண்டுபோகிறது?

பாளையங்கோட்டையில் ஒரு பத்திர எழுத்தர் அண்ணாச்சி புது லேப்டாப் வாங்கினார். வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, போன் வந்துவிட்டது. "தம்பி, விண்டோஸ் பட்டனைப் பிடிச்சுக்கிட்டு மவுசைத் தட்டிட்டேன் போல. ஸ்கிரீன் பூரா என்னமோ மினுங்குது. வைரஸா இருக்குமோ? கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். ஆடிட்டர் ஆபீஸ், பத்திர எழுத்தர், பிரவுசிங் சென்டர், சின்ன கிளினிக் என்று திருநெல்வேலி சுற்றுவட்டாரத்தில் நாற்பது இடம்போல என் பொறுப்பில் இருக்கின்றன. இந்த மாதிரி போன் இப்போது வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. போய்ப் பார்த்தால் வைரஸ் எதுவும் இருக்காது. லேப்டாப்போடு வந்த ஏஐ வசதியாக இருக்கும்.

அண்ணாச்சி தெரியாமல் திறந்தது 'கிளிக் டு டூ'. மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்த 'கோபைலட் பிளஸ்' வகைக் கணினிகளில் மட்டும் இது வரும். அந்தப் பெயர் ஒட்ட வேண்டுமென்றால் 16 ஜிபி ராம் வேண்டும், வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் என்பியூ என்ற தனிச் சில்லு வேண்டும். விண்டோஸ் கீயைப் பிடித்தபடி கிளிக் செய்தாலோ, விண்டோஸ் கீயோடு கியூவைத் தட்டினாலோ, அந்த நேரத்தில் திரையில் தெரிவதை அது ஒரு படமாக எடுத்து, எது எழுத்து, எது படம் என்று பிரித்துவைக்கும். எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் காப்பி, சுருக்கம், மாற்றி எழுது, இணையத்தில் தேடு என்று ஒரு சின்ன மெனு முளைக்கும். படத்தைத் தொட்டால் பின்னணியை நீக்கு, மங்கலாக்கு, பொருளை அழி, இதேபோன்ற படத்தைத் தேடு என்று வேறொரு மெனு.

வாடிக்கையாளர்கள் இதையும் 'ரீகால்' என்ற வசதியையும் குழப்பிக்கொள்கிறார்கள். ரீகால்தான் திரையை அவ்வப்போது படமெடுத்துச் சேமித்துவைப்பது. 2024-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கடுமையாக எதிர்த்த பிறகு மைக்ரோசாஃப்ட் அதைத் தள்ளிப்போட்டு, நாமாக விரும்பி ஆன் செய்தால்தான் ஓடும் என்று மாற்றி, 2025 ஏப்ரலில் வெளியிட்டது. கிளிக் டு டூ நாம் கூப்பிட்டால்தான் வரும், பார்க்கும், போய்விடும். அது திரையைப் பிரித்துப் படிப்பதும் கணினிக்குள்ளேயே நடக்கிறது. அதுவரை சரி.

நான் ஒவ்வொரு ஆபீசிலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது அதற்கு அடுத்த கட்டத்தை. அந்த மெனுவில் பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டு வகை வேலைகள் இருக்கின்றன. 'சுருக்கம்', 'பின்னணியை நீக்கு' போன்றவை அந்த லேப்டாப்புக்குள்ளேயே முடியும். 'இணையத்தில் தேடு', 'படத்தை வைத்துத் தேடு', 'கோபைலட்டிடம் கேள்' (கோபைலட் என்பது மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளர்) ஆகியவை திரையில் இருந்ததை வெளியே எடுத்துக்கொண்டு போகும். இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே அளவு, ஒரே நிறம். ஒரு இஞ்ச் தள்ளித் தட்டினால் கட்சிக்காரரின் ஆதார் படம் ஏதோ ஒரு தேடுபொறிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தட்டிய கைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. விண்டோஸோடு வரும் எழுத்துணரிகள், அதாவது படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் கருவிகள், ஆங்கிலத்தை நன்றாகப் படிக்கின்றன. நான் முயன்று பார்த்தவரை தமிழைக் காட்டினால் தடுமாறுகின்றன, பல நேரம் ஆங்கில எழுத்துகளைக் கொட்டிவைக்கின்றன. தமிழை ஒழுங்காகப் படிப்பது கூகுள் லென்ஸ். குரோமில் ரைட் கிளிக் செய்து லென்ஸைத் தேர்ந்தெடுத்து, வேண்டிய இடத்தைச் சுற்றி இழுத்தால் தமிழ் எழுத்து அப்படியே காப்பியாகும். ஆனால் இழுத்த பகுதி கூகுளின் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. ஆக, வீட்டுக்குள்ளேயே இருக்கிற கருவிக்குத் தமிழ் தெரியவில்லை, தமிழ் தெரிந்த கருவி வெளியூரில் இருக்கிறது!

எல்லாவற்றுக்கும் பயப்படவும் வேண்டாம். டிடிபி வைத்திருப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் எழுத்துருக் காலத்து ஃபைலைத் திறந்து காப்பி செய்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வரும். உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடு, மேலே போர்த்தியிருப்பதுதான் தமிழ் உருவம். திரையைப் பார்த்துப் படிக்கிற கருவிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்ற கவலை கிடையாது. தெரிகிற உருவத்தைப் படித்து நேராக யூனிகோடில் கொடுத்துவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ் என்றால் தாராளமாக லென்ஸுக்குக் கொடுக்கலாம். ஊருக்கே ஒட்டப்போகிற நோட்டீஸில் என்ன ரகசியம்? உயில், மருத்துவ அறிக்கை, பாகப்பிரிவினை என்றால் நான் வேறு வழி சொல்வேன். டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரிக்குத் தமிழ்க் கோப்பு இருக்கிறது. ஒருமுறை இறக்கி நிறுவிக்கொண்டால் அப்புறம் இன்டர்நெட்டே வேண்டாம். லென்ஸ் அளவுக்குச் சுத்தமாக வராது, திருத்த வேண்டியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்கலாம்.

திருத்துவது என்றதும் அண்ணாச்சி கதைக்கு வருகிறேன். மெனுவுக்குப் பழகிய பிறகு அவருக்கு ஒரே குஷி. ஆங்கிலத்தில் டைப் அடித்த பழைய கிரயப் பத்திரம் ஒன்று ஸ்கேனாக இருந்தது. சொத்து விவரத்தைக் கையால் அடிக்காமல் திரையிலிருந்தே காப்பி எடுத்துப் புது வரைவில் ஒட்டிவிட்டார். சர்வே நம்பர் 112/1பி. அந்த 'பி' ஆங்கில எழுத்து. டைப்ரைட்டர் மை கொஞ்சம் அப்பியிருந்தது. கருவி அதை எட்டு என்று படித்துவிட்டது. வரைவில் 112/18 என்று அழகாக உட்கார்ந்துவிட்டது. பட்டாவோடு ஒப்பிடும்போது அவர் மகன் கண்ணில் பட்டதால் பிழைத்தார். பதிவாகியிருந்தால் பிழைதிருத்தல் பத்திரம், இரண்டு தரப்பையும் மறுபடி கூட்டிவருவது என்று இழுத்திருக்கும்.

'கரலி மனை' என்று வந்தால் பயமில்லை, 'காலி மனை' என்று யாரும் திருத்திவிடுவார்கள். பெயரில் னகரம் ணகரமாவதும், எண்ணில் ஒன்று ஏழாவதும்தான் ஆபத்து. அவை பிழை மாதிரியே தெரியாது. இது ஏஐ வந்த பிறகு முளைத்த வியாதியும் கிடையாது. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள் எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று மூன்று அறைகள். ஸ்கேன் செய்து பார்த்தால் மூன்றும் 14.13. ஃபைல் அளவைக் குறைப்பதற்காக, ஒன்றுபோலத் தெரிகிற துண்டுகளை ஒரே துண்டாக வைத்து நிரப்பியிருந்தது இயந்திரம். நம் ஊரில் நகலுக்குப் பெயரே ஜெராக்ஸ். 'ஜெராக்ஸில் அப்படித்தான் இருக்கு' என்றால் பேச்சு முடிந்துவிடும் ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

எண்ணும் பெயரும் மட்டும் மூலத்தைப் பார்த்துக் கையால் அடியுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். முடியவில்லையா, ஒருவர் வாய்விட்டுப் படிக்க இன்னொருவர் சரிபார்க்கட்டும்.

சுருக்கம் வேறு மாதிரி கவிழ்க்கும். ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான பெண், ஜிஎஸ்டி நோட்டீஸ் ஒன்றைத் திறந்து, திரையில் தெரிந்த பத்திகளைத் தேர்ந்தெடுத்துச் சுருக்கம் கேட்டார். நல்ல ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது. பதில் கொடுக்க வேண்டிய தேதிகூட சரியாக இருந்தது. நேரில் ஆஜராக வேண்டிய தேதி அதில் இல்லை. ஏனென்றால் அது அடுத்த பக்கத்தில், ஒரு அட்டவணைக்குள் இருந்தது. திரையில் இல்லாததை அந்தக் கருவி பார்ப்பதே கிடையாது. நாம் தேர்ந்தெடுத்ததுதான் அதற்கு முழு உலகம். 'இதற்குக் கீழே இன்னும் இருக்கிறது' என்று அது எச்சரிக்கவும் செய்யாது. "அண்ணா, அது கரெக்டாதான சொல்லிருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டபோது என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதன் கண்ணில் பட்ட வரைக்கும் சரியாகத்தான் சொல்லியிருந்தது.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னணியை நீக்குவது போட்டோ வேலைக்கு நல்லது, முடி ஓரத்தையும் காது மடலையும் கத்தரித்துவிட்டதா என்று மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். 'பொருளை அழி' வசதியை ஆவணத்தின் ஸ்கேன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அழித்த இடத்தை அது தானாக யூகித்து நிரப்புகிறது. காபிக் கறையை எடுக்கப்போய்க் கையெழுத்தின் வால் மாறினால், உங்கள் கையில் இருப்பது திருத்தப்பட்ட ஆவணம். அதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது.

உண்மையான ஓட்டை பெரும்பாலும் ஏஐயிலேயே இல்லை, அதைச் சுற்றி ஓடுகிற சாதாரண விஷயங்களில் இருக்கிறது. ஒரு பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று கூப்பிட்டார்கள். டிஸ்க் நிறைந்துகிடந்தது. 'பிக்சர்ஸ்' உள்ளே 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்ற ஃபோல்டரைத் திறந்தேன். ஆதார், பான், சாதிச் சான்றிதழ், ஒரு கர்ப்பிணியின் ஸ்கேன் அறிக்கை, யாரோ ஒருவருடைய பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று ஆயிரத்துக்கு மேல் படங்கள். கடைக்காரருக்கு இப்படி ஒரு ஃபோல்டர் இருப்பதே தெரியாது. விண்டோஸ் கீயும் ஷிஃப்ட்டும் எஸ்ஸும் சேர்த்து அமுக்கி வெட்டுகிற ஒவ்வொரு படத்தையும் ஸ்னிப்பிங் டூல் தானாகவே அங்கே சேமித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு அந்த பிக்சர்ஸ் ஃபோல்டர் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவோடு இணைந்திருந்தது. லாகின் யாருடையது என்று பார்த்தால், வேலையை விட்டுப்போன ஒரு பையனுடையது.

அதேபோல விண்டோஸ் கீயோடு வி தட்டிப் பாருங்கள். கிளிப்போர்டு வரலாறு ஆன் ஆகியிருந்தால் கடைசியாகக் காப்பி எடுத்த 25 சரக்குகள் வரிசையாக நிற்கும். நீங்கள் ஒட்டியதும் அது மறைந்துவிடுவதில்லை. அடுத்து உட்காருகிறவர் அதே இரண்டு கீயைத் தட்டினால் முந்தையவரின் ஆதார் எண் வரும். கணினியை மறுதொடக்கம் செய்தால், 'பின்' செய்து வைத்தவை தவிர மற்றவை போய்விடும். பொதுக் கணினிகளில் இந்த வரலாற்றையே அணைத்துவைக்கச் சொல்வேன்.

ஆதாரைக் கறுப்புக் கோடு போட்டு மறைக்கும் பழக்கம் நல்லதுதான். ஆனால் ஸ்னிப்பிங் டூல் தானாக மறைத்துத் தருகிற வசதி மின்னஞ்சல், போன் நம்பர் இரண்டையும் மனதில் வைத்துச் செய்தது, ஆதாருக்கு அதை நம்பாதீர்கள். முதல் 8 இலக்கம் மறைந்த ஆதாரை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அதைத் திரையில் வைத்து வேலை செய்வது நிம்மதி. வெட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு 2023 மார்ச்சில் வெளிவந்த ஒரு கோளாறு ஞாபகம் இருக்கட்டும். விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலில் படத்தை வெட்டிப் பழைய ஃபைலின் மேலேயே சேமித்தால், வெட்டிப் போட்ட பகுதியின் தரவு ஃபைலின் வாலில் அப்படியே தங்கியது. அதை மீட்டெடுக்கவும் முடிந்தது. பிக்சல் போன்களிலும் இதே கதை. இரண்டுமே சரிசெய்யப்பட்டுவிட்டன. ஆனால் அதற்கு முன் அனுப்பிய படங்கள் யார் யார் இன்பாக்ஸிலோ இன்னும் இருக்கின்றன.

'அரசாங்கத்துக்கே இல்லாத கவலை உனக்கு எதுக்கு?' என்று ஒரு ஆடிட்டர் கேலி செய்தார். அரசாங்கத்துக்குக் கவலை இருக்கிறது. 2025 ஜனவரி கடைசியில் மத்திய நிதி அமைச்சகம், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று தன் ஊழியர்களுக்குச் சொன்னது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஆடிட்டருக்கு நான் சட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை, சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

அணைப்பது எளிது. செட்டிங்ஸில் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி' உள்ளே போனால் கிளிக் டு டூவுக்குத் தனிச் சுவிட்ச் இருக்கிறது. கவுன்டர் கணினிகளில் நான் அணைத்துவிடுவேன், முதலாளியின் லேப்டாப்பில் விட்டுவைப்பேன். அண்ணாச்சி லேப்டாப்பில் அணைக்கப்போனபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அது இருக்கட்டும் தம்பி. நம்பரை மட்டும் நான் அடிச்சுக்கிடுதேன்."

இந்தக் கட்டுரைக்குப் படம் போட்டு விளக்கலாம் என்று என் லேப்டாப்பிலேயே அந்த மெனுவைத் திறந்து நாலு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். பதிவேற்றப் போகும்போதுதான் கவனித்தேன், மூன்றாவது படத்தின் வலது மூலையில் வாட்ஸ்அப் அறிவிப்பு ஒன்று எட்டிப்பார்த்தது. ஒரு வாடிக்கையாளரின் பெயர், பக்கத்திலேயே அவர் அனுப்பிய பாஸ்வேர்டு. நாலையும் அழித்துவிட்டு, ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரையும் காலி செய்துவிட்டு, படம் இல்லாமலே எழுதி முடித்திருக்கிறேன்.