தண்ணீர் குடிக்கச் சொல்வதற்கு முன்

ஆறு மாதத்தில் நான்காவது முறையாக அந்தப் பெண் வந்திருந்தார். வயது 26. பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. "மறுபடியும் நீர்க்கடுப்பு டாக்டர். நெருப்பா எரியுது."

முன்பு வந்தபோதெல்லாம் சிறுநீர்ப் பரிசோதனை, ஆன்டிபயாடிக், கூடவே "நிறைய தண்ணி குடிம்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். இந்த முறை கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்: "சொன்னபடி குடிக்கிறியா இல்லையா?"

"குடிச்சா பாத்ரூம் போகணுமே டாக்டர். எங்க மாடியில கிடையாது. கீழ போகணும்னா சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும். எத்தனை தடவை அவர்கிட்ட போய் நிக்கிறது?"

காலையில் ஒரு டம்ளர் காபி. மதியச் சாப்பாட்டோடு நாலு மடக்குத் தண்ணீர். இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பும்வரை அவ்வளவுதான். அவர் தெரிந்தேதான் தண்ணீரைத் தவிர்க்கிறார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். ஆசிரியைகள், சாலையில் பணிக்கு நிற்கும் பெண் காவலர்கள், தூய்மைப் பணியாளர்கள் என்று பலரிடமும் இதே பதில்தான் வருகிறது.

பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம்தான். கிருமிகள் எளிதாக மேலேறிவிடும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும்போது அவை அடித்துக்கொண்டு வெளியே போகும். எட்டு மணி நேரம் அடக்கி வைத்தால், சிறுநீர்ப்பையிலேயே தங்கிப் பெருகும். 2018ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும் 140 பெண்களில் பாதிப்பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் மற்றவர்களுக்குச் சராசரியாக 3.2 முறை வந்த தொற்று, இவர்களுக்கு 1.7 முறைதான் வந்தது. கூடுதல் மருந்து எதுவும் இல்லை, வெறும் தண்ணீர்.

ஆண்களிடம் நான் அதிகம் பார்ப்பது சிறுநீரகக் கல். வெயிலில் ஓடும் ஆட்டோ ஓட்டுநர்கள், கட்டட வேலை செய்பவர்கள். உப்பளத்தில் நீர் வற்ற வற்ற உப்பு படிகிறதே, அதைப் போலத்தான் இதுவும். சிறுநீர் அடர்ந்துபோனால் அதிலுள்ள கால்சியமும் ஆக்சலேட் என்ற கழிவுப் பொருளும் சேர்ந்து படிகின்றன. ஒருமுறை கல் வந்தவர்கள் தினமும் இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். கவனியுங்கள், இது குடிக்கும் அளவு இல்லை, வெளியே போகும் அளவு. நம் ஊர் வியர்வைக்கு அதற்கு மூன்று லிட்டருக்கு மேலேயே குடிக்க வேண்டியிருக்கும்.

மற்றவர்களுக்கு எவ்வளவு? எல்லோருக்கும் பொருந்தும் ஒரே கணக்கு கிடையாது. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும். (பி வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். பயப்பட வேண்டாம்.) மோர், நீராகாரம், டீகூட இந்தக் கணக்கில் சேரும். ஆனால் இதய பலவீனமோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. விலாவில் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத் திருத்தம் வந்தது. நாள் முழுக்க நின்ற கால்களுக்காகப் பலர் பேசியதால் வந்தது அது. கழிப்பறைக்காகவும் அதே அளவு சத்தமாகப் பேச வேண்டும் என்பது என் ஆசை. கடை முதலாளிகள் யாராவது இதைப் படித்தால், மாடிக்கு ஒரு கழிப்பறை கட்டுங்கள். அதுவரைக்கும், யாரிடமும் கேட்காமல் போய்வர விடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தேன்: "இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை செல்ல அனுமதிக்கவும்." கீழே கையெழுத்து, முத்திரை. இரண்டு மாதம் கழித்து, தொற்று எதுவும் இல்லாமல் வந்தார்.

"எங்க செக்‌ஷன்ல இன்னும் மூணு பேர் இந்த மாதிரி சீட்டு கேக்குறாங்க டாக்டர்."

மூன்று பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.