நெட்ல கெடக்குற கோடு ஒரு பேட்டன்ட்ட கவுக்குமா?

நீங்க ஒரு ப்ரோக்ராம் எழுதி எல்லாரும் பாக்குற மாதிரி நெட்ல ஒரு ரெப்போல (கோட போட்டு வைக்கிற கிடங்கு) போட்டுட்டீங்க, மூணு வருஷம் கழிச்சு எவனோ அதே ஐடியாவுக்கு பேட்டன்ட் அப்ளை பண்றான். உங்க கோட காட்டி "இது பழசுப்பா"ன்னு சொன்னா எடுபடுமா? எடுபடும். ஆனா கோடு அங்க இருந்துச்சுன்னு மட்டும் சொன்னா பத்தாது.

பேட்டன்ட்டுக்கு முதல் கண்டிஷன், விஷயம் புதுசா இருக்கணும். அப்ளை பண்ற தேதிக்கு முன்னாடியே வெளிய வந்துட்டதுக்குப் பேரு 'பிரையர் ஆர்ட்'. எழுத்து, பேச்சு, உபயோகம், வேற எந்த வழில பப்ளிக் கைக்கு வந்திருந்தாலும் கணக்குதான்னு ஐரோப்பிய பேட்டன்ட் ஒப்பந்தத்தோட 54வது பிரிவு சொல்லுது, அமெரிக்கால 102வது பிரிவும் கிட்டத்தட்ட அப்படித்தான். கோடுக்குன்னு தனி விலக்கு எதுவும் கிடையாது. லைசென்ஸ் என்னங்கிறதும் இங்க மேட்டரே இல்ல (இதுல நெறைய பேர் குழம்புறாங்க), யார் வேணா படிக்கலாம்னா போதும். பிரைவேட் ரெப்போன்னா வராது.

இடிக்கிறது எங்கன்னா, 'பப்ளிக் கைக்கு வந்துச்சு'ன்னா என்ன அர்த்தம்ங்கிறதுல. 1986ல ஹால் கேஸ்ல, ஜெர்மனி ஃப்ரைபர்க் யுனிவர்சிட்டி லைப்ரரில இருந்த ஒரு தீசிஸ், கேட்டலாக்ல ஏறியிருந்ததால பிரையர் ஆர்ட்னு அமெரிக்க கோர்ட் ஒத்துக்கிச்சு. 2018ல ஆக்ஸிலரேஷன் பே, ஆக்டிவிஷன் கேஸ்ல ஒரு ரிப்போர்ட் யுனிவர்சிட்டி வெப்சைட்லயே இருந்துச்சு, ஆனா சப்ஜெக்ட் வச்சு தேடுனா சிக்குற மாதிரி ஒழுங்கா இண்டெக்ஸ் பண்ணலன்னு தள்ளிட்டாங்க. அலமாரில இருந்தது ஜெயிச்சுது, நெட்ல இருந்தது தோத்துச்சு! ஆக அந்தத் துறைல இருக்குற ஒருத்தர் கொஞ்சம் தேடுனா அது கண்ணுல பட்டிருக்குமாங்கிறதுதான் கேள்வி.

அடுத்தது தேதி. கிட்ல (கோட்ல பண்ற மாத்தத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கிற டூல்) கமிட் தேதிய, அதாவது ஒரு மாத்தத்த பதிஞ்ச தேதிய, நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாம், ரெண்டு என்விரான்மென்ட் வேரியபிள் செட் பண்ணா முடிஞ்சுது. ஹாஷ் (ஒவ்வொரு கமிட்டுக்கும் கிட் போடுற அடையாள நம்பர்) எதுக்கு அப்புறம் எது வந்துச்சுன்னு சொல்லும், கடிகாரத்துல மணி என்னன்னு சொல்லாது. அதோட கமிட் பண்ண நாள் வேற, புஷ் பண்ணி வெளிய விட்ட நாள் வேற, சட்டத்துக்கு வேண்டியது ரெண்டாவது. அதனாலதான் வெளியாள் சாட்சிக்கு மதிப்பு ஜாஸ்தி: வெப் பக்கங்கள சேத்து வைக்கிற இன்டர்நெட் ஆர்கைவ் எடுத்து வச்ச காப்பி, பப்ளிக் கோட சேத்து வைக்க 2016ல ஆரம்பிச்ச சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ்ல இருக்குற பதிவு, இந்த மாதிரி.

இதெல்லாம் தாண்டினாலும், புதுசு இல்லன்னு அடிக்கணும்னா ஒரு கிளெய்ம்ல (எது தனக்குச் சொந்தம்னு பேட்டன்ட்ல எழுதுற பகுதி) இருக்குற எல்லா அம்சமும் ஒரே ஆதாரத்துல இருக்கணும், ஒண்ணு குறைஞ்சா வேற ஆதாரத்தோட சேத்து "இது யாருக்கும் தோணுறதுதான்"னு வாதாடணும். கோடு இதுக்கு அருமையான ஆதாரம், என்ன செய்யுதுன்னு மழுப்பவே முடியாது. ஆனா பேட்டன்ட் ஆபீஸ் எக்ஸாமினர் வார்த்தைய வச்சு தேடுறார், உங்க கோட்ல இருக்குறது டெம்ப்2, எக்ஸ், டூஇட்னு ஒண்ணும் புரியாத பேருங்க! கோடு என்ன பண்ணுதுன்னு நாலு வரி ரீட்மீ (கோடோட வைக்கிற விளக்கக் குறிப்பு) இருந்தா அவருக்குச் சிக்கும்.

இன்னொண்ணு, இது உங்க பக்கமும் வெட்டும். நீங்களே போட்ட கோடுன்னா அமெரிக்கால அப்ளை பண்ண ஒரு வருஷம் டைம் தர்றாங்க. ஐரோப்பால அந்தச் சலுகை இல்ல, இன்னைக்கு புஷ் பண்ணிட்டு நாளைக்கு அப்ளை பண்ணா உங்க பேட்டன்ட்ட கவுக்குறது உங்க ரெப்போவாவே இருக்கும்.